கட்சிகளாகப் பிரிந்து கிடக்கும் ஊரில் கிராம சபையை ஒன்றுகூடி நடத்துவது எப்படி

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் ஆகிய இரண்டு பதவிகளுக்கும் கட்சிச் சின்னம் இல்லாமலேயே தேர்தல் நடக்கிறது. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் தேர்தல்களில்தான் கட்சிச் சின்னம் வருகிறது. குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை ஆகியவற்றைக் கவனிக்கும் அமைப்புக்குள் கட்சி நுழைய வேண்டாம் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். ஆனாலும் வேட்பாளர் எந்தக் கட்சிக்காரர் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாக்குகளை எண்ணி முடித்த சில மாதங்களிலேயே, வென்றவர் தெருவில் புதிய விளக்கு எரிவதும் தோற்றவர் தெருவில் பழைய விளக்கு அணைந்தே கிடப்பதும் கண்ணில் படத் தொடங்கிவிடும்.

நான் 2006 முதல் 2016 வரை இரண்டு முறை வார்டு உறுப்பினராக இருந்தேன். அந்தப் பத்தாண்டுகளில் தவறாகச் செய்தும் பிறகு திருத்திச் செய்தும் நான் கற்றுக்கொண்டவற்றை, இப்போது ஊராட்சிப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்காகவும், எந்தப் பொறுப்பும் இல்லாமல் ஊர் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். எதிர்த்தரப்பின் மீது மரியாதை மனத்தில் தானாகப் பிறக்கட்டும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். யார் வீட்டுக்கு யார் போவது, எந்தக் காகிதத்தை யாரிடம் முதலில் காட்டுவது, யார் சொன்னதை எப்படி எழுதிவைப்பது என்னும் நடைமுறைகளில்தான் ஊராட்சியில் மரியாதை இருக்கிறது. அந்த நடைமுறை சரியாக இருந்தால், ஒருவரையொருவர் பிடிக்காதவர்கள்கூடச் சேர்ந்து வேலை செய்ய முடியும்.

ஒரு காசோலையின் கதை

தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரையோ வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே தலைவர் ஒரு கட்சியாகவும் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் வேறொரு கட்சியாகவும் அமைந்துவிட்டால், துணைத் தலைவர் எதிர்த்தரப்பிலிருந்து வந்துவிடுவார். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்கோ இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். முறைகேட்டைத் தடுக்க வைத்த இந்த இரட்டைக் கையெழுத்து, பகை முற்றிய ஊர்களில் ஊராட்சியின் கழுத்தையே நெரிக்கும் கயிறாக மாறிவிடுகிறது.

எங்கள் ஊரிலும் அப்படித்தான் நடந்தது. ஒரு கோடையில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோயிற்று. முந்தைய முறை மோட்டாருக்குக் காயில் (கம்பிச்சுருள்) கட்டியதற்கான பணமே நிலுவையில் இருந்ததால், பழைய பாக்கியைத் தீர்க்காமல் மோட்டாரைக் கழற்ற முடியாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். பாக்கிக்கான காசோலையில் தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தது. துணைத் தலைவர் கையெழுத்திட மறுத்துவிட்டார். பத்தொன்பது நாட்கள் மேல்நிலைத் தொட்டி காய்ந்து கிடந்தது. பெண்கள் ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்த வயல் மோட்டார்க் கொட்டகைக்குக் குடங்களோடு நடந்தார்கள். தலைவரின் ஆட்கள், துணைத் தலைவர் கமிஷன் கேட்பதாகப் பேசினார்கள். நான் தலைவர் பக்கத்து ஆள் என்பதால் அதை நானும் நம்பினேன்.

இருபதாம் நாள் சாயங்காலம் துணைத் தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அதுவும் சைக்கிளில் இரண்டு குடம் கட்டி வயலிலிருந்து அவரே கொண்டுவந்த தண்ணீர். திண்ணையில் உட்காரச் சொன்னார். நெடுநேரம் வேறு ஏதேதோ பேசினோம். பிறகு அவராகவே சொன்னார்: “பில்லைக் கண்ணுல காட்டினாங்களா தம்பி? செக்கை மட்டும் ஆள்கிட்ட கொடுத்தனுப்பி, வாசல்ல நின்னு கையெழுத்து வாங்கிட்டு வான்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்?”

அவர் பணம் கேட்கவில்லை. ரசீதைத் தம்மிடம் காட்ட வேண்டும் என்றுதான் கேட்டார். தலைவரிடம் போய்ச் சொன்னபோது அவர் பக்கத்து நியாயமும் தெரிந்தது. துணைத் தலைவர் டீக்கடையில் தம்மை இழிவாகப் பேசியதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு அவர் வீட்டு வாசலில் போய் நிற்பது தம்மைத் தாழ்த்திக்கொள்வதாகும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இருவருக்கும் பொதுவான இடம் ஊராட்சி அலுவலகம்தான். மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் அங்கே வருவது, செயலர் ரசீதுகளை மேசையில் வைப்பது, துணைத் தலைவர் முதலில் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவது, அதன் பிறகே தலைவர் கையெழுத்திடுவது என்று முடிவாயிற்று. கையெழுத்திட விருப்பமில்லையென்றால் அதற்கான காரணத்தை இரண்டு நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்று துணைத் தலைவரும் ஒப்புக்கொண்டார். தலைவர் தம் முதல் கையெழுத்தை விட்டுக்கொடுத்தார். துணைத் தலைவர் காரணம் சொல்லாமல் இழுத்தடிக்கும் உரிமையை விட்டுக்கொடுத்தார். மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. அவர்கள் இருவரும் அதற்குப் பிறகும் நண்பர்களாகிவிடவில்லை, ஆனால் எந்தக் காசோலையும் நிற்கவில்லை.

உங்கள் ஊரில் ஏதாவது ஒன்று முட்டிக்கொண்டு நின்றால், அதற்குச் சொல்லப்படும் காரணத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மறுக்கிறவரின் வீட்டுக்கு நேரில் போங்கள். கேள்வி கேட்பதற்கு முன்னால் உட்கார்ந்து பேசுங்கள். அவரைப் பற்றி உங்கள் தரப்பில் சொல்லப்படுவதை அவரிடம் ஒப்பிக்காதீர்கள். அவர் சொன்னதை உங்கள் தரப்பிடம் கொண்டுசெல்லும்போது வசவுகளைக் கழித்துவிட்டுக் கோரிக்கையை மட்டும் கொண்டுசெல்லுங்கள். இந்த வேலைக்கு இரு தரப்புக்கும் உறவுக்காரராகவோ, இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் பாடம் நடத்தியவராகவோ ஒருவர் கிடைத்தால் மிகவும் நல்லது. என்னைப் போல ஒரு தரப்பைச் சேர்ந்தவரும் செய்யலாம், ஆனால் தனியாகப் போக வேண்டும். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனால் அது பஞ்சாயத்து ஆகிவிடும்.

யார் முதலில் போவது

வென்றவர்தான் முதலில் போக வேண்டும். தோற்றவர் போனால் அது சரணடைவதாகவும், வென்றவர் போனால் பெருந்தன்மையாகவும் ஊரார் கண்ணுக்குத் தெரியும் என்பது ஒரு காரணம். கொடுப்பதற்கு வென்றவர் கையில்தான் ஏதாவது இருக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

1967 தேர்தலில் பெரியார் காங்கிரசை ஆதரித்துப் பிரசாரம் செய்தார். அவரிடமிருந்து 1949-இல் பிரிந்து சென்ற அண்ணாவின் கட்சி அந்தத் தேர்தலில் வென்றது. இடைப்பட்ட 18 ஆண்டுகளில் இரு தரப்பும் ஒருவரையொருவர் கடுமையாகத் தாக்கிப் பேசியிருந்தன. வெற்றி பெற்ற அண்ணா, ஆட்சியில் அமர்வதற்கு முன் திருச்சிக்குப் போய்ப் பெரியாரைச் சந்தித்தார். தம்மைத் தோற்கடிக்க ஊர் ஊராகப் பேசிய ஒருவரைத் தேடிப் போவது எளிதன்று. அந்தப் பயணத்துக்குப் பிறகு பெரியாரின் ஆதரவு அந்த ஆட்சிக்குக் கிடைத்தது.

மரியாதை கொடுத்தால் கொள்கையை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று அஞ்சுகிறவர்கள், பெரியாரும் ராஜாஜியும் பழகிய விதத்தை எண்ணிப் பார்க்கலாம். இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்ததற்காக 1938-இல் பெரியாரைச் சிறைக்கு அனுப்பியது ராஜாஜியின் ஆட்சி. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தவர்களில் முன்னின்றவர் பெரியார். அடுத்த ஆண்டே ராஜாஜி பதவி விலகினார். ஆனால் 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதான பெரியார் சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்டார். இருவருக்கும் இடையிலிருந்த கொள்கை வேறுபாடு கடைசி வரை மறையவில்லை.

ஊரில் இதற்கு இணையான செயல்கள் சிறியவை. எதிர்த்தரப்பு வீட்டுத் துக்கத்துக்குப் போவது, கல்யாணப் பத்திரிகையை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது, கூட்டத்தில் பட்டப்பெயரால் அழைக்காமல் அவர் பொறுப்பைச் சொல்லி அழைப்பது ஆகியவற்றைத் தவறாமல் செய்தாலே பாதி இறுக்கம் தளர்ந்துவிடும். ஊர் வாட்ஸ்அப் குழுவைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று சொல்கிறேன்: அதில் குடிநீர் நேரம், மின்தடை, துக்கச் செய்தி ஆகியவற்றைத் தவிர வேறெதையும் அனுமதிக்காதீர்கள்.

கூட்டத்துக்கு முன்பே பேசி முடிக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 501 முதல் 3000 பேர் வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஒரு தரப்பு மட்டும் வந்தால் பல ஊர்களில் இந்த எண்ணிக்கையே தேறாது. அப்போதுதான் நோட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கும் பழக்கம் தொடங்குகிறது. ஒருமுறை அப்படிச் செய்துவிட்டால் அதற்குப் பிறகு எதிர்த்தரப்பு கூட்டத்துக்கு வராது, வந்தாலும் சண்டைக்குத்தான் வரும். எனவே கூட்டப்பொருளை எழுதுவதற்கு முன்பே எதிர்த்தரப்பிடம் போய், உங்கள் பக்கத்திலிருந்து எவை எவை வர வேண்டும் என்று கேட்டு, அவர்கள் சொல்வதில் குறைந்தது ஒன்றையாவது அவர்கள் சொன்ன சொற்களிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் அதிகமாக அடிபட்டது சிமெண்ட் சாலை. ஒரு தெருவுக்கு மட்டும் பணம் இருக்கும். மேலத்தெரு ஒரு கட்சி, கீழத்தெரு இன்னொரு கட்சி. எந்தத் தெரு என்று நேரடியாகக் கேட்டால் அது கட்சித் தேர்தலாகவே மாறிவிடும். ஒரு முறை, தெருவின் பெயரைச் சொல்லாமல் அளவுகோலை மட்டும் முதலில் முடிவு செய்யலாம் என்று கேட்டுப் பார்த்தோம். மழைத்தண்ணீர் எத்தனை வீட்டுக்குள் புகுகிறது, 108 ஆம்புலன்ஸ் வீட்டு வாசல் வரை வர முடிகிறதா, எத்தனை பிள்ளைகள் அந்த வழியாகப் பள்ளிக்கு நடக்கிறார்கள் என்னும் மூன்று கேள்விகளை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன. தங்கள் தெருதான் வரும் என்று இரண்டுமே நம்பியதால் அது எளிதாக இருந்தது. பிறகு இரு தரப்பிலும் ஆளுக்கு இரண்டு பேர் சேர்ந்து எல்லாத் தெருவையும் நடந்து எண்ணினார்கள். மூன்றிலும் முதலாவதாக வந்தது காலனித் தெரு. அந்தத் தெருவின் பெயரை அதுவரை இரு கட்சிக்காரர்களில் யாரும் கூட்டத்தில் சொன்னதே இல்லை.

அன்றைக்கு எனக்கு உறைத்தது வேறொன்று. அதற்கு முந்தைய ஆண்டுகளில் மேலத்தெருவும் கீழத்தெருவும் மாறி மாறி எடுத்துக்கொள்வதை நாங்கள் சமரசம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தச் சமரசத்துக்கான விலையைக் கொடுத்தது, பேச்சுக்கே அழைக்கப்படாத மூன்றாவது தெரு. ஆகையால் இரு தரப்பும் மகிழ்ச்சியோடு கை குலுக்கும் நேரத்தில், அறையில் இல்லாதவர் யார், அவருக்கு என்ன குறைகிறது என்று யாராவது ஒருவர் எழுந்து கேட்டே ஆக வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

எதில் சமரசம் கூடாது

சாலையின் வரிசை, தண்ணீர் விடும் நேரம், திருவிழாவில் ஒலிபெருக்கி வைக்கும் இடம், கொடிக்கம்பத்தின் இடம், கையெழுத்தின் முறை ஆகியவை எல்லாம் விட்டுக்கொடுத்துப் பேசத் தக்கவை. ஒருவர் நாற்காலியில் உட்காரலாமா, தேர்தலில் நிற்கலாமா என்பவை பேச்சுக்கே உரியவை அல்ல.

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே வேட்புமனுவே வராமலும், வென்றவர் உடனே பதவி விலகும்படியாகவும் ஊர்க் கட்டுப்பாடு பார்த்துக்கொண்டது. 2006-இல்தான் அந்த ஊராட்சிகளில் தேர்தல் முறையாக நடந்து தலைவர்கள் பொறுப்பில் நிலைத்தார்கள். மேலவளவிலோ 1997-இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில் இரு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று சொல்வது, அடிக்கிறவனுக்குத் துணைபோவதாகும். அங்கே தேவைப்படுவது சட்டமும் காவலும்.

பதவியை ஏலம் விட்டு ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தோம் என்று சில ஊர்கள் பெருமை பேசுவதையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். போட்டி இல்லை என்பதால் அது ஒற்றுமை ஆகிவிடாது. பணம் கட்ட முடியாதவர்கள் எல்லோரையும் ஒரே இரவில் வெளியேற்றிவிட்டு எஞ்சியவர்கள் ஒத்துப்போவதற்குப் பெயர் வேறு.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

பேசி முடித்த சமரசங்களில் பாதி, எழுதும்போது கெட்டுப்போகின்றன. இதற்கு நம் நாட்டின் மொழிச் சிக்கலே பெரிய பாடம். 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில், இந்தி ஆட்சிமொழி என்றும் ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடரும் என்றும் அதன் உறுப்பினர்களான முன்ஷியும் கோபாலசாமி அய்யங்காரும் வகுத்த உடன்பாடு ஏற்கப்பட்டது. சண்டை அன்றைக்கு ஓய்ந்தது, ஆனால் தீரவில்லை. 1965 ஜனவரி 26 என்னும் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. இடையில் 1959-இல், இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் இருக்கும் என்று நேரு நாடாளுமன்றத்தில் உறுதி கொடுத்தார். ஆனால் 1963 சட்டத்தில் ஆங்கிலம் கட்டாயம் தொடரும் என்று பொருள்படும் ‘ஷல்’ என்னும் சொல்லை எழுதாமல், தொடரலாம் என்று பொருள்படும் ‘மே’ என்று எழுதினார்கள். தொடரலாம் என்றால் தொடராமலும் போகலாம் என்று தமிழ்நாட்டில் அச்சம் எழுந்தது. நேரு 1964-இல் மறைந்தார். அவர் வாயால் சொன்ன உறுதிக்கு எழுத்தில் பாதுகாப்பு இல்லை. 1965-இல் தமிழ்நாடு பற்றியெரிந்து, உயிர்கள் போன பிறகே, இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றும் வரை ஆங்கிலம் தொடரும் என்று 1967-இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

தீர்மானப் புத்தகத்திலும் இதே ஆபத்து உண்டு. ‘ஆவன செய்யப்படும்’, ‘இயன்றவரை’, ‘விரைவில்’, ‘நிதிநிலைக்கு ஏற்ப’ என்னும் சொற்கள் வரும் இடத்திலெல்லாம் ஒரு சண்டை ஒளிந்திருக்கிறது. கீழத்தெருவுக்குத் தண்ணீர் ஒழுங்காக விடப்படும் என்று எழுதாமல், கீழத்தெரு வால்வு தினமும் காலை 6 மணி முதல் 7 மணி வரை திறக்கப்படும் என்றும், திறக்க முடியாத நாளில் பம்ப் ஆபரேட்டர் காரணத்தை நோட்டில் எழுதி அந்தத் தெரு உறுப்பினரிடம் கையெழுத்து வாங்குவார் என்றும் எழுதுங்கள். எழுதியதைக் கூட்டம் கலைவதற்கு முன், கூட்டத்தைக் கவனிக்க அரசுத் தரப்பில் வரும் பற்றாளர் இருக்கும்போதே, எதிர்த்தரப்பைச் சேர்ந்த ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தாமே படித்த தீர்மானத்தைப் பிறகு யாரும் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக, போன தீர்மானம் எந்த அளவில் இருக்கிறது என்பதையே வையுங்கள்.

பெரும்பான்மையோடு தீர்மானம் நிறைவேறினாலும், ஒத்துக்கொள்ளாதவர்களின் ஆட்சேபத்தைக் காரணத்தோடும் தேதியோடும் அதே பக்கத்தில் எழுதிவையுங்கள். பலர் இதைக் கௌரவக் குறைவாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். தோற்ற கருத்துக்கும் ஏட்டில் ஓர் இடம் உண்டு என்று தெரிந்தால், அதைத் தெருவில் கத்த வேண்டிய தேவை குறைகிறது.

எங்கள் ஊரில் இரண்டாவது மேல்நிலைத் தொட்டி கட்டும்போது, மந்தைக்குப் பக்கத்தில் கட்டுவதென்று தலைவர் தரப்பு தீர்மானம் கொண்டுவந்தது. அந்த இடம் தாழ்வு, மேலத்தெருக் கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் ஏறாது, பள்ளிக்கூடத்து மேட்டில் கட்ட வேண்டும் என்று துணைத் தலைவர் எதிர்த்தார். மந்தை என்றே முடிவாயிற்று. அவருடைய ஆட்சேபத்தை நான்கு வரியில் எழுதி அவரிடமே கையெழுத்தும் வாங்கினோம். இடத்தைப் பார்க்க வந்த பொறியாளர் அந்தக் கடைசி வீடுகளுக்கு அழுத்தம் போதுமா என்று கேட்டபோது, சிறிது நேரம் யாரும் பேசவில்லை. தலைவர்தான் செயலரிடம் தீர்மானப் புத்தகத்தை வாங்கி, பக்கத்தைப் புரட்டி, அந்த நான்கு வரிகளையும் பொறியாளருக்குப் படித்துக் காட்டினார்.